சின்னத்தை நம்பாதீங்க, தோலைப் பாருங்க: பழைய ராணுவ ஹெல்மெட்டின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைனில் பழைய பொருட்கள் விற்கும் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் போட்டோதான் இது. துருப்பிடித்த இரும்பு ஹெல்மெட், பக்கவாட்டில் ஒரு சின்னம், உள்ளே பழுப்பேறிய தோல் பட்டை. கீழே ஒரு வரி: 'இரண்டாம் உலகப் போர், நூறு சதவீதம் ஒரிஜினல், மிலிட்டரி குடும்பத்தில் இருந்து வந்தது.' விலையைப் பார்த்தால் பலருக்கு ஒரு மாதச் சம்பளம்.

வாங்கலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் பக்கவாட்டுச் சின்னத்தில் இல்லை. சின்னம்தான் போலி செய்ய ரொம்ப சுலபமான பகுதி. ஒரு ஸ்டிக்கரோ, கொஞ்சம் பெயின்ட்டோ போதும். பதில் இருப்பது ஹெல்மெட்டைத் திருப்பினால் தெரியும் இடத்தில்: முத்திரை, ரிவெட், தையல், முக்கியமாகத் தோல். இவை எல்லாமே ஒரே காலத்தையும் ஒரே இடத்தையும் காட்டினால் ஒரிஜினலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அங்கேதான் சந்தேகப்படணும்.

தோலைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தியாவில் அதிகம் இருக்கும் இடங்களில் ஒன்று வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பெல்ட். ஷூ கம்பெனியின் கட்டிங் செக்ஷனில் பத்து வருஷம் நின்றவருக்கு, 'இது மாடு, இது ஆடு, இது ரெக்சின்' என்று சொல்ல ஒரு தடவை தடவிப் பார்த்தாலே போதும். உலகம் முழுவதும் ராணுவப் பொருள் சேகரிப்பாளர்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ளும் வித்தையில் பாதி இதுதான்.

வேலூருக்கும் ராணுவத் தொப்பிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் 200 வருஷத்துக்கும் மேல் பழசு. 'இந்தத் தொப்பியில் இருப்பது எந்த மிருகத்தின் தோல்?' என்ற கேள்வியால் ரத்தம் சிந்திய ஊர் வேலூர்.

1805 நவம்பரில் மெட்ராஸ் ராணுவத்துக்குப் புது விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, மீசையை ஒரே அளவில் கத்தரிக்கணும். கூடவே ஒரு புதுத் தலைப்பாகையும் வந்தது. அது ஐரோப்பியத் தொப்பி போலவே இருந்தது. அதில் தோலால் ஆன ஓர் இலச்சினை செருகப்பட்டிருந்தது. அது பசுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் பரவியது. முன்னது இந்து சிப்பாய்களுக்கும் பின்னது முஸ்லிம் சிப்பாய்களுக்கும் ஏற்க முடியாதது. தொப்பி போட்டால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

1806 மே மாதம் வேலூரில் இருந்த சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி தண்டனை கிடைத்தது. ஜூலை 10 விடியும் முன்னரே கோட்டை வெடித்தது. ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டில் இருந்து குதிரைப்படையோடு கில்லஸ்பி வந்து சேர்ந்த பிறகு, சிப்பாய்கள் தரப்பில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களிலேயே அந்தத் தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. கவர்னர் வில்லியம் பென்டிங்க்கும், தளபதி ஜான் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. திப்பு சுல்தானின் குடும்பம் கோட்டைக்குள்தான் சிறை வைக்கப்பட்டிருந்தது. சம்பளம், மரியாதை பற்றிய குறைகளும் இருந்தன. ஆனால் பற்ற வைத்தது தொப்பிதான். தலையில் வைக்கும் பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்பது வெறும் சேகரிப்பாளர் ஆர்வம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

ஸ்டெப் 1: ஓடு எதனால் ஆனது?

கையில் ஒரு ஹெல்மெட் கிடைத்தால் முதலில் தேவைப்படுவது ஒரு சின்ன காந்தம்.

முதல் உலகப் போரில் பிரிட்டன் 1915-ல் கொண்டுவந்த தட்டு வடிவ ஹெல்மெட்டுக்கு 'புரோடி' என்று பெயர். ஜான் லியோபோல்டு புரோடி என்பவரின் வடிவமைப்பு. அதற்கு விரைவிலேயே ஹாட்ஃபீல்டு மாங்கனீசு எஃகு பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த இந்த எஃகில் மாங்கனீசு 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். இதன் விசேஷம் என்ன? காந்தம் ஒட்டாது. பிரிட்டன் ராணுவத்தின் இரண்டாம் உலகப் போர் மார்க் 2 ஹெல்மெட்டும், அமெரிக்காவின் எம்1 ஹெல்மெட்டும் இதே வகை எஃகுதான்.

ஆக, 'பிரிட்டிஷ் போர்முனை ஹெல்மெட்' என்று விற்கப்படும் ஒன்றின் உச்சியில் காந்தம் டப்பென்று ஒட்டிக்கொண்டால் யோசிக்கணும். அது போலியாகத்தான் இருக்கணும் என்பதில்லை. போர்க்காலத்தில் தீயணைப்பு, வான் தாக்குதல் காவல் போன்ற பொதுமக்கள் பணிக்கு சாதாரண எஃகிலும் ஹெல்மெட் செய்தார்கள். ஆனால் போர்முனை ஹெல்மெட்டின் விலையை அதற்குக் கேட்டால் ஏமாற்று. ஜெர்மன் ஹெல்மெட்டில் கதையே தலைகீழ். அதில் காந்தம் ஒட்டும், ஒட்டணும்.

காந்தத்தை உச்சியில் வைத்துப் பாருங்கள். விளிம்பு வளையம், ரிவெட், தாடைப் பட்டையின் கொக்கி ஆகியவை வேறு உலோகமாக இருக்கலாம். அங்கே ஒட்டுவதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

எல்லா ராணுவத் தொப்பியும் இரும்பு இல்லை. காலனி காலத்துத் துரைமார்களின் வெள்ளைத் தொப்பியை இங்கே எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள். 'சோலா டோப்பி' எனப்படும் அதன் உள்பொருள் நமக்குத் தெரிந்த ஒன்றுதான்: நெட்டி. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்கிறார்களே, அதே குளத்துத் தாவரம். இங்கிலாந்தில் செய்த தொப்பிகளில் பெரும்பாலும் தக்கை இருக்கும். துணி கிழிந்த இடத்தில் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளையாக, பஞ்சு போல மிருதுவாக இருந்தால் நெட்டி. பழுப்பாக, துகள் துகளாக இருந்தால் தக்கை. லண்டன் கடையின் லேபிள் ஒட்டிய தொப்பியிலும் நெட்டி இருக்கலாம், அதனால் லேபிளை மட்டும் வைத்துப் பிறப்பிடத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

ஸ்டெப் 2: முத்திரை எங்கே, என்ன எழுத்து?

அடுத்து வேண்டியது ஒரு டார்ச்சும், போனின் கேமரா ஜூமும். உள் விளிம்பில், பெயின்ட்டுக்கு அடியில், எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும்.

பிரிட்டிஷ் மார்க் 2-ல் தயாரிப்பாளரின் சுருக்கெழுத்தும் வருஷமும் இருக்கும். 'பி.எம்.பி.' என்றால் டாகன்ஹாமில் இருந்த பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ். 'ஜே.எஸ்.எஸ்.' என்றால் ஜோசப் சாங்கி அண்ட் சன்ஸ். 'ஆர்.ஓ. அண்ட் கோ' என்றால் ரூபெரி ஓவன். கார் பாடி அடித்த கம்பெனிகள் போர்க்காலத்தில் ஹெல்மெட் அடித்திருக்கின்றன.

இதே மார்க் 2 கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளிலும் தயாரானது. எந்த நாடு என்று சொல்வது ஒரு சின்ன அம்புக்குறி. பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அந்த அம்புக்குறியோடு ஒவ்வொரு நாடும் தன் எழுத்தைச் சேர்த்தது. ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு 'டி'-க்கு நடுவே அம்பு என்றால் ஆஸ்திரேலியா. 'யு'-க்குள் அம்பு என்றால் தென்னாப்பிரிக்கா. 'என்', 'இசட்' நடுவே என்றால் நியூசிலாந்து. அம்புக்குக் கீழே 'ஐ' என்றால் இந்தியா.

தென்னாப்பிரிக்க ஹெல்மெட்டுக்கு இன்னொரு அடையாளம், பின்பக்க விளிம்பில் மூன்று துளைகள். இதுல ஒரு சிக்கல் இருக்கு. பிரிட்டனில், தரச் சோதனையில் தேறாத ஹெல்மெட்டுகளைப் போர்முனைக்கு அனுப்பாமல் இருக்க, அவற்றின் விளிம்பிலும் துளை போட்டார்கள். அதனால் 'துளை இருக்கு, ஆகவே தென்னாப்பிரிக்கா' என்று முடிவு கட்ட முடியாது. துளையின் இடம், எழுத்து, காந்தம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஜெர்மன் ஹெல்மெட்டில் கணக்கு இன்னும் தெளிவு. உள்ளே பக்கவாட்டில் தொழிற்சாலைக் குறியும் ஓட்டின் அளவும் சேர்ந்து இருக்கும். 'ஈ.டி.64', 'கியூ66' மாதிரி. 'ஈ.டி.' என்பது தாலே நகரத் தொழிற்சாலை, 'கியூ' என்பது எஸ்லிங்கனில் இருந்த குவிஸ்ட். இதில் ஒரு குறுக்குச் சோதனை செய்யலாம். 64 அளவு ஓட்டுக்குள் 56 அல்லது 57 அளவு தோல் லைனர்தான் உட்காரும். 66 அளவு ஓட்டுக்கு 58 அல்லது 59. அந்த எண் லைனரின் மேலேயே குத்தப்பட்டிருக்கும். ஓட்டில் 64, தோலில் 60 என்று இருந்தால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை இல்லை. யாரோ பின்னால் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

தோற்றத்தை வைத்து மயங்க வைக்கும் இன்னொன்று, ஸ்பெயினின் இசட்-42. தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சு அசல் ஜெர்மன் ஹெல்மெட். ஆனால் அதன் நெற்றிப் பகுதியில் சின்னம் செருக ஓர் உலோகப் பிடிப்பு இருக்கும். அதைக் கழற்றி, பெயின்ட் அடித்து, ஜெர்மன் சின்னம் ஒட்டி விற்பது பழைய வேலை. கழற்றிய இடத்தின் தடம் உள்பக்கம் தெரியுதா என்று பார்க்கணும்.

ஸ்டெப் 3: ஆம்பூர் கண்ணோடு லைனரைப் பாருங்க

இப்போதுதான் நம்ம ஊர் திறமைக்கு வேலை.

*முதல் கேள்வி: இது தோலா?* பிரிட்டிஷ் மார்க் 2-ன் உள்ளே இருக்கும் கறுப்புப் பட்டை பளபளவென்று தோல் மாதிரிதான் தெரியும். ஆனால் அது வழக்கமாக எண்ணெய்த்துணி. நம்ம ரெக்சினின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் பார்த்தால் நெசவு தெரியும். ஜெர்மன் லைனரில் நிஜத் தோல், எட்டு நாக்குகளாக வெட்டி நடுவில் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நிஜத் தோலின் வெட்டு விளிம்பில் நார் நாராகப் பிரியும். எதில் எது இருக்கணும் என்று தெரிந்தாலே பாதி போலிகள் மாட்டிக்கொள்ளும்.

*இரண்டாவது கேள்வி: எந்த மிருகம்?* 1806-ல் சிப்பாய்கள் கேட்ட அதே கேள்வி. இன்றைக்கு பத்து மடங்கு பெருக்கும் ஒரு லென்ஸ் போதும். தோலின் மேல்பரப்பில், அதாவது கிரெய்னில், முடி இருந்த துவாரங்கள் தெரியும். பன்றித் தோலில் அவை மூன்று மூன்றாக, முக்கோணம் போலச் சேர்ந்திருக்கும். பல இடங்களில் துவாரம் பின்பக்கம் வரைக்கும் போகும். மாட்டுத் தோலில் துவாரங்கள் சிறியவை, ஏறக்குறைய சீராகப் பரவியிருக்கும். வெள்ளாட்டுத் தோலில் பெரிதும் சிறிதுமாக, வளைந்த வரிசைகளில் ஓடும். செம்மறித் தோல் மிருதுவாக, மேல்பரப்பு சுலபமாக உரியும் தன்மையோடு இருக்கும்.

*மூன்றாவது கேள்வி: எப்படிப் பதனிட்டது?* காலத்தைச் சொல்வது இதுதான். தோல் பதனிட இரண்டு பெரிய வழிகள். ஒன்று மரப்பட்டை. நம்ம பக்கம் ஆவாரம் பட்டை, கடுக்காய். இன்னொன்று குரோமிய உப்பு. பட்டையில் பதனிட்ட தோலின் வெட்டு விளிம்பு, உள்வரைக்கும் பழுப்பாகவோ செம்மண் நிறமாகவோ இருக்கும். குரோம் தோலை எந்தக் கலரில் சாயம் போட்டாலும், நடுவில் பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலம் எட்டிப் பார்க்கும். டேனரியில் 'வெட் புளூ' என்று சொல்வதே அந்த நிறத்தை வைத்துத்தான்.

வணிக ரீதியாக வெற்றி பெற்ற குரோம் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றது 1884-ல். மெட்ராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதைப் பரிசோதிக்கத் தொடங்கியது 1900-களின் தொடக்கத்தில். 1912-ல் பல்லாவரம் பக்கம் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் 'குரோம்பேட்டை' என்ற பெயரே வந்தது. எனவே '1857 காலத்துத் தலைக்கவசம்' என்று சொல்லி விற்பவரின் பொருளில், தாடைப் பட்டையின் விளிம்பு நீலமாக இருந்தால், கதை அங்கேயே முடிந்தது. குறைந்தபட்சம் அந்தப் பட்டையாவது பிற்காலத்தியது.

*நான்காவது: எப்படி வயசாகியிருக்கு?* நிஜமான பழைய பட்டைத் தோல் ஒரு குறிப்பிட்ட விதத்தில்தான் கெடும். செம்பொடியாக உதிரும், விரலில் செங்கல் தூள் மாதிரி ஒட்டும். நம்ம ஆவாரம் பட்டைத் தோலுக்கு இந்த வியாதி அதிகம். 1900-களின் தொடக்கத்தில், புத்தக பைண்டிங் தோல் ஏன் சீக்கிரம் மக்கிப் போகிறது என்று லண்டனில் ஆராய்ந்த குழு, கிழக்கிந்தியத் தோலை பைண்டிங்குக்கு ஆகாது என்றே ஒதுக்கியது. காற்றில் உள்ள கந்தக வாயுக்களை உறிஞ்சி அந்தத் தோலில் அமிலம் சேர்கிறது என்பதுதான் காரணம். இப்படிச் செம்பொடியாக உதிர்வதை டீத்தண்ணி, ஷூ பாலிஷ் வைத்துச் செய்ய முடியாது. போலியில் அழுக்கு சீராக எல்லா இடத்திலும் இருக்கும். நிஜத்தில் நெற்றி படும் இடத்தில் வியர்வை, எண்ணெய்க் கறை அடர்த்தியாகவும், ரிவெட்டுக்கு அடியில் நிறம் மாறாமலும் இருக்கும்.

*ஐந்தாவது: நூல்.* கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் தையல் மேல் அடியுங்கள். நூல் பளிச்சென்று வெளிர்நீலமாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கு என்று அர்த்தம். அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. சோப்புத்தூள் போட்டுத் துவைத்த துணியும் ஒளிரும் என்பதால், இந்த ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஒரு ஹெல்மெட்டுக்கு எத்தனை பூர்வீகம்?

'மேட் இன் இங்கிலாந்து' என்று குத்தியிருந்தால் அது இங்கிலாந்துப் பொருள், அவ்ளோதானே? இல்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்ட பூட்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் அப்பருக்குப் பெரிய அளவில் போனது மெட்ராஸ் மாகாணத்தில் பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல். வணிகத்தில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். ராணுவத்துக்கு இது அத்தனை அவசியமாக இருந்ததால், 1916-ல் இதை வாங்கும் பொறுப்பை அரசே கையில் எடுத்துக்கொண்டது. பூட்ஸ் தைத்தது இங்கிலாந்தில். முத்திரை இங்கிலாந்து. தோல் நம்ம ஊர்.

ஹெல்மெட்டும் அப்படித்தான். ஓடு ஓரிடத்தில், லைனர் இன்னோரிடத்தில், தாடைப் பட்டை வேறோரிடத்தில் தயாராகி, ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கும். மார்க் 2-ல் லைனரை உச்சியில் ஒரே ஒரு திருகாணிதான் பிடித்திருக்கிறது. ராணுவமே பழுது பார்க்கும்போது 1939 ஓட்டில் 1943 லைனரை மாட்டியிருக்கிறது. இது போலி இல்லை, அந்த ஹெல்மெட்டின் நிஜமான வாழ்க்கை. ஆனால் 1990-களில் தைத்த லைனரை மாட்டிவிட்டு '1939' என்று விற்றால் அது ஒட்டுப்போட்ட பொருள். இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவது, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக விசாரிக்கும் பழக்கம்தான்.

கூர்முனைத் தொப்பியும் இந்திய நகல்களும்

முழுக்கத் தோலிலேயே செய்த ராணுவ ஹெல்மெட்டும் உண்டு. ஜெர்மனியின் பிக்கல்ஹாப். உச்சியில் ஈட்டி மாதிரி கூர்முனை இருக்குமே, அதுதான். 1842-ல் பிரஷ்யாவில் அறிமுகமாகி, முதல் உலகப் போரில் இரும்பு ஹெல்மெட் வரும் வரை ஓடியது. போரில் தோல் தட்டுப்பாடு வந்ததும் கம்பளி அட்டை, தகரம் என்று கிடைத்ததில் எல்லாம் செய்தார்கள். அதனால் 'தோல் இல்லை, ஆகவே போலி' என்று இங்கே சொல்லவும் முடியாது.

இதில் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கும் வட்டச் சின்னங்கள். 1897-க்குப் பிறகு வலப்பக்கம் ஜெர்மன் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, இடப்பக்கம் அந்தந்த மாநிலத்தின் நிறம். உள்ளே பின்பக்கத் தகட்டில் 'பி.ஏ.' என்ற எழுத்தும் ரோமன் எண்ணும் இருந்தால், அது எந்தப் படைப்பிரிவின் உடைக் கிடங்கு கொடுத்தது என்பதற்கான குறி. எண் 14 என்றால் பாடன் பகுதியின் கார்ல்ஸ்ரூ. முன்பக்கம் பவேரியச் சின்னம், உள்ளே 14 என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

பிக்கல்ஹாப், பழைய போர்க்கவசம், இரும்பு ஹெல்மெட் ஆகியவற்றின் நகல்கள் இந்தியாவில் இருந்து நிறையவே உலகச் சந்தைக்குப் போகின்றன. சினிமா, நாடகம், வரலாற்று நிகழ்ச்சிகள் என்று அதற்கு நியாயமான தேவை இருக்கிறது. நகல் செய்வது தப்பில்லை. நகலை நகல் என்று சொல்லி விற்பது நேர்மையான தொழில். பிரச்சினை, அது மூன்றாவது கை மாறும்போது 'தாத்தாவோட ஹெல்மெட்' ஆகிவிடுவதில்தான். தெரிந்தே போலியை ஒரிஜினல் என்று விற்றுப் பணம் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின் கீழ் மோசடி.

கதை பொருந்துதா?

விற்பவர் சொல்லும் கதையையும் ஒரு பகுதியாகவே சோதிக்கலாம். இந்திய வீரர்கள் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியரோடு மோதினார்கள். பர்மாவில் ஜப்பானியரோடு மோதினார்கள். 'தாத்தா பர்மாவில் இருந்து கொண்டுவந்த ஜெர்மன் ஹெல்மெட்' என்றால் பூகோளமே உதைக்குது. பர்மா என்றால் முன்பக்கம் நட்சத்திரம் வைத்த ஜப்பானிய ஹெல்மெட் பொருந்தும்.

இந்த வட்டாரத்துக்கு இது வெளியூர் விஷயமும் இல்லை. வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருப்பதால் வேலூர் அருகே கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் பரணில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டி, எந்த ஏலத்தில் வரும் பொருளைவிடவும் நம்பகமானது. ஹெல்மெட்டோடு தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பதக்கம், போட்டோ இருந்தால் அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். தனியாக எடுத்தால் அது ஒரு பழைய இரும்பு. காகிதத்தோடு சேர்ந்தால் அது ஒருவரின் வரலாறு. காயலான் கடைக்குப் போடும் முன் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

வாங்கலாமா, விற்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் 100 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் அது தொல்பொருள் கணக்கில் வரலாம். தொல்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது 1916-ல் செய்த புரோடி ஹெல்மெட் 100 வருஷக் கோட்டைத் தாண்டிவிட்டது. 1942-ல் செய்த மார்க் 2 இன்னும் தாண்டவில்லை. வெளிநாட்டு வாங்குபவருக்கு அனுப்பும் முன், 'இது தொல்பொருள் இல்லை' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பூர்வீகத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது விலைக்காக மட்டும் இல்லை என்பது இங்கே புரியும். வருஷம் மாறினால் சட்டமும் மாறுது. கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பகுதியில் மெட்டல் டிடெக்டரோடு தோண்டக் கிளம்புவதும் குற்றம். தற்செயலாக மண்ணுக்குள் ஏதாவது கிடைத்தால் வருவாய்த் துறைக்குத் தகவல் சொல்லணும்.

கையில் கிடைத்ததும் செய்யக் கூடாதவை

* துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. முத்திரை எழுத்து அதோடு போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் உடம்புக்கும் கெடுதல்.
* புதுசாக பெயின்ட் அடிக்காதீங்க. ஒரிஜினல் பெயின்ட்தான் பாதி சாட்சி.
* தோலுக்குத் தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் போடாதீங்க. காய்ந்த தோல் கறுத்து, இன்னும் வேகமாகக் கெடும். நிறத்தை வைத்து பட்டையா குரோமா என்று சொல்லவும் முடியாமல் போகும்.
* தோலைக் கொதிநீரில் போட்டோ நெருப்பில் காட்டியோ சோதிக்காதீங்க. டேனரியில் அது சரி. 80 வருஷப் பட்டையை அது அழித்துவிடும்.
* இறுகிப்போன லைனரை விரித்துப் பார்க்க இழுக்காதீங்க. ஏற்கெனவே கிழிந்த இடம் இருந்தால் அங்கேயே லென்ஸ் வைத்துப் பாருங்கள்.
* ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் சின்னத்தின் போட்டோ கேட்காதீங்க. உள் விளிம்பின் முத்திரை, லைனரின் எண், ரிவெட்டின் இரண்டு பக்கம், தோலின் வெட்டு விளிம்பு என்று நான்கு போட்டோ கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த நான்கு போட்டோவையும் வைத்துக்கொண்டு, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் இருந்தால் அவருக்கு பார்வர்டு பண்ணுங்கள். ஹெல்மெட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது என்ன தோல், பட்டையா குரோமா, கையால் தைத்ததா மெஷினில் தைத்ததா என்று மட்டும் சொன்னால் போதும். மாதச் சம்பளத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று அதற்கப்புறம் நீங்களே முடிவு பண்ணலாம்.